பன் பாட்டி இல்லை, ரொட்டிக்காரம்மா

கள்ளக்குறிச்சியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியில் சுவரில் ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். அதில் நாள் முழுக்க ஒரு கார்ட்டூன் ஓடுகிறது. பேர் 'பன் பாட்டி'. வட்ட முகம், வெள்ளைக் கொண்டை, நெற்றியில் பெரிய பொட்டு, சிரித்தால் கன்னத்தில் குழி. மலை மேல் குழந்தைகள் பசியோடு அழுகிறார்கள். கீழே சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடக்கின்றன. யார் வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள் என்று படம் சொல்வதில்லை. பாட்டி ஒரு கை மாவை எடுத்து ஊதுகிறாள். மரமெல்லாம் ரொட்டியாக மாறிவிடுகிறது. எல்லோரும் தின்று தீர்த்ததும் வழி திறக்கிறது. கடைசியில் பாட்டி நம்மைப் பார்த்துக் கண்ணடித்து, "எல்லாருக்கும் உண்டு" என்கிறாள். கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தம்மாவை எனக்குத் தெரியும். அவர் கண்ணடித்து யாரும் பார்த்திருக்க முடியாது. பொட்டு வைக்காத சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். அந்த மரங்கள் விழுந்த வருஷம் அவருக்கு நாற்பது தாண்டியிருந்தால் அதிகம். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். அவரை யாரும் அப்படியும் கூப்பிட்டதில்லை. ஊருக்கே அவர் ரொட்டிக்காரம்மா.

படம் எடுப்பதற்கு முன்னால் சென்னையிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னிடம் வந்து பேசினார்கள். அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். உண்டு, 'முடியாது' என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்கள். படத்தில் அது வரவில்லை.

அந்த மரங்கள் விழுந்த காலத்தில் நான் கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஓடிய ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். காலை முதல் நடையில் அவருடைய ரொட்டிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் வழியில் உள்ள டீக்கடைகளில் இறக்குவது என் வேலைகளில் ஒன்று. பெட்டி சூடாக இருக்கும். மழைக்காலத்தில் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பேன்.

உயரமான பெண். முழங்கை வரை மாவு ஒட்டிய கை. கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவர் இறந்துவிட, ஒரு மிஷன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாராம். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கிழக்குக் காலனி அவர் பிறந்த இடம். எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் எங்கள் தெருக்கள். காலனி என்றால் ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்களின் தெரு. யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடை போட்டபோது எல்லோரும் ஏதாவது சாமி பெயரையோ பூப் பெயரையோ வைக்கச் சொன்னார்கள். போர்டு எழுதியவரே இரண்டு மூன்று பெயர்கள் சொல்லிப் பார்த்தாராம். அந்தம்மா, 'கிழக்குக் காலனி ரொட்டிக் கடை' என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்று போர்டு எழுதியவர் எச்சரித்தார். வாங்காதவர்கள் வாங்க வேண்டாம், அதற்காகப் பெயரை மாற்ற முடியாது என்று இவர் சொல்லிவிட்டார். முதல் வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியும், சந்தைக்கு இறங்கிவரும் கல்வராயன் மலைக்காரர்களும்தான் அவருடைய வாடிக்கை. ஆனால் அவர் பன் பஞ்சு மாதிரி இருக்கும். மெதுவாக டீக்கடைக்காரர்களும் வாங்க ஆரம்பித்தார்கள், எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் வெளியே சொல்லாமல்.

ஒரு பெரிய பண்ணை வீட்டில் பேரனுக்கு முதல் பிறந்தநாள் என்று கேக் கேட்டார்கள். இரண்டு அடுக்கில் செய்து, குழந்தையின் பெயரை ரோஜா நிறத்தில் எழுதி, தானே எடுத்துக்கொண்டு போனார். கேக்கை மாட்டுக் கொட்டகைப் பக்கம் வைத்துவிட்டுப் போகும்படி வாசலில் இருந்தவர் சொன்னார். முன் வாசல் வழியாக வந்து மேசை மேல் வைப்பேன், இல்லையென்றால் முடியாது என்றார் இவர். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. வந்த வண்டியிலேயே கேக் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அதைத் துண்டு போட்டுக் கடையில் விற்றார். எனக்குத் தெரிந்து பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர், முகம் பார்த்திராத ஒரு குழந்தையின் பெயரைத் தின்றார்கள்.

என்னிடமும் ஒருமுறை அப்படி நடந்துகொண்டார். பெட்டிகளின் ஒரு பக்கத்தில் கடைப் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருப்பார். நான் பஸ்ஸில் அடுக்கும்போது எழுத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பி வைப்பேன். பயணிகளோ டீக்கடைக்காரர்களோ முகம் சுளிக்க வேண்டாமே என்றுதான். ஒருநாள் கடை வாசலுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். பஸ்ஸில் ஏறி, அத்தனை பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அந்தம்மா அவசரப்படவில்லை.

பிறகு அந்த வாரம் வந்தது.

எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் ஷெட்டில் நின்றுவிட்டது. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, கச்சிராயபாளையம் சாலையில் அப்படி வெட்டிப் போட்ட ஒரு மரத்தடியில் இருந்தவர்களுக்குத் தலைவன் மாதிரி. நானும் அங்கே போய் நின்றேன். எங்கள் கேள்வி நியாயமான கேள்வி. பட்டம் வாங்கிய பையன்கள் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதே வாரத்தில் அங்கங்கே காலனிக் குடிசைகள் எரிகின்றன என்ற சேதியும் வந்துகொண்டிருந்தது. மரத்தடியில் இருந்தவர்களில் சிலர் அதைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். சிலர் சிரித்தார்கள். நான் பேச்சை மாற்றியவர்களில் ஒருவன்.

மூன்றாம் நாள் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த டிராக்டரைப் போலீஸ் மடக்கிவிட்டது. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. கள்ளக்குறிச்சியில் கடைகளெல்லாம் அடைத்திருந்தன. ரொட்டிக் கடை மட்டும் திறந்திருந்தது. அடைக்கச் சொல்லி வியாபாரிகள் போய்க் கேட்டபோது, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் இந்த ரொட்டியை நம்பித்தான் இருக்கிறார்கள், முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். என்னை அங்கே அனுப்பினார்கள். கரும்புக் கொல்லை வரப்புகளில் புகுந்து நாலு மைல் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்தேன்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

"மரத்தாண்ட இருக்கறவங்களுக்கு. அறுவது பேரு இருப்பாங்க."

"யாரு குடுத்தாங்கன்னு சொல்லிக் குடுப்ப?"

அவர் அடுப்பு வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டு இரண்டு கூடைகளை எடுக்கச் சொன்னார்.

"நீ சொல்ல மாட்ட. நானே வரன்."

வேண்டாம், இது சரியான நேரம் இல்லை, அங்கே இருப்பவர்கள் கோபத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவருடைய காலனியில் பெண்களும் பிள்ளைகளும் மூன்று நாளாகப் பயந்துபோய்ச் சபைக் கோயிலுக்குள்ளேயே இருந்தார்கள். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கடைச் சைக்கிள் கேரியரில் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே நடந்தார். பின்னால் இன்னொரு கூடையோடு அடுப்புக்காரர். வரப்பு வேண்டாம், சாலையிலேயே போகலாம் என்றார் அந்தம்மா. நல்ல வெயில். எதிரில் ஒரு வண்டி கிடையாது. விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தாண்டினோம். கார்ட்டூனில் பாட்டி மரத்துக்கு மேல் பறக்கிறாள். உண்மையில் நடந்தது அதுதான், பறக்காமல்.

எங்கள் மரத்தடிக்கு வந்ததும் கூடையை அடிமரத்தின் மேல் வைத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் கெயக்குக் காலனி. மாவு நான் பெசஞ்சது. என் கையால வாங்கித் துன்றவங்க வாங்க. வாணாங்கறவங்க வர வாணாம்."

யாரும் அசையவில்லை. அவர் மேலே சொன்னார்.

"நீங்க கேக்கறது நாயந்தான். எங்களுக்குத் தெரியாதா, எத்தினி காலமா நாங்களும் கேட்டுக்கினு இருக்கறோம். ஆனா உங்க கோவத்த எங்க கூரை மேல காட்டாதீங்க."

முதலில் ஒரு பெரியவர் வந்தார். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார். பிறகு பையன்கள் வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் வாங்கியிருப்பார்கள். அண்ணன் வரவில்லை. மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் அவன் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தம்மா ஒரு பன்னை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"காத்தாலேந்து சைக்கிள் மிதிச்சிக்கினு இருக்க. இந்தா."

மூன்று வருஷமாக அவருடைய ரொட்டியைச் சுமந்தவன் நான். வயிறு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பசிக்கல" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பன்னைத் திரும்பக் கூடையில் வைத்தார். மீதியை அப்படியே எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்தார்.

கள்ளக்குறிச்சி எல்லையில் அவரைப் போலீஸ் நிறுத்தியது. இதை அவரோடு போன அடுப்புக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரத்தடியில் யார் யார் இருந்தார்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ரொட்டி வாங்க வருபவர்களின் பெயரைக் கேட்கும் பழக்கம் தனக்கு இல்லை என்றாராம் இவர். முகம் தெரியுமா என்றதற்கு, கையைத்தான் பார்த்தேன் என்றாராம். அதிகாரி நயமாகப் பேசிப் பார்த்திருக்கிறார். உன் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்கள் அவர்கள், அவர்களை ஏன் காப்பாற்றுகிறாய் என்று கேட்டாராம்.

"அது எனக்கும் அவங்களுக்கும் இருக்கற வயக்கு. நடுவுல நீங்க வராதீங்க" என்றிருக்கிறார்.

சாயங்காலம் சபைப் போதகர் வந்து பேசி அழைத்துப் போகும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன் பெயர் வரவில்லை. என் பெயரும் வரவில்லை. என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அவர் ஸ்டேஷனில் இருந்த நேரத்தில் கடைப் போர்டை யாரோ உடைத்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் நான் கேட்கவில்லை என்று சொன்னால் அதுதான் சரியாக இருக்கும்.

மறுநாள் காலையில் ஒரு வாளி நிறையச் செங்காவியைக் கரைத்து, ஏணி போட்டு ஏறி, வெள்ளையடித்த சுவரின் மேல் தானே எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. 'கிழக்கு' என்பதில் 'ழ' மட்டும் ஒரு ஆள் உயரம். முன்பு போர்டைத் தேடிப் பார்க்க வேண்டும். இப்போது தெரு முனையிலிருந்தே படிக்கலாம். கடையில் வேலை செய்தவர்கள், நிலைமை சரியாகட்டும், பிறகு எழுதலாம் என்று கெஞ்சினார்களாம். என்ன பதில் சொல்லியிருப்பார் என்று இதுவரை படித்த உங்களுக்கே தெரியும்.

மரங்களை அகற்றிப் பஸ் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம் கடைக்குப் போய் ஒரு பன் வேண்டும் என்றேன். கடைக்கு முன்னால் நின்று நான் கேட்ட முதல் பன் அது.

"பசிக்குதா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"எங்க வச்சிப் பசிக்கலன்னு சொன்னியோ அங்க போய்த் துன்னு. அன்னிக்கு இருந்தவங்க இருக்கறப்ப துன்னு."

காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அந்த மரம் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டீக்கடை. அண்ணனும் அவன் ஆட்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த நடையில் அங்கே இறங்கினேன். டிரைவரிடம் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொன்னேன். இது கிழக்குக் காலனி அம்மா சுட்ட பன் என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுத் தின்றேன். தண்ணீர் கேட்கவும் பயமாக இருந்தது. அண்ணன் டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனான். என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. கடைசிவரை என்னோடு பேசவும் இல்லை.

திரும்பி வந்து, "துன்னுட்டன்க்கா" என்றேன். அக்கா என்று அன்றைக்குத்தான் முதலில் கூப்பிட்டேன். மாவைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, நாளைக்குப் பெட்டி சீக்கிரமே தயாராகிவிடும், தாமதமாக வராதே என்றார். அவ்வளவுதான்.

அவரோடு பழகுவது எளிதில்லை. மன்னிப்பது என்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்த பிறகும் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து இருபது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. தம்பி மகன்தான் இப்போது கடையை நடத்துகிறான். மூன்று கிளைகள். கண்ணாடிக் கதவு. பெயரையும் மாற்றிவிட்டான். அவன்தான் பன் பாட்டியை உண்டாக்கியவன்.

போன மாதம் அந்தக் கார்ட்டூனுக்கு ஒரு விழா வைத்தான். கல்யாண மண்டபத்தில் காலை நேரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பெற்றோர்கள், ஆளுக்கொரு கிரீம் பன். பாட்டியை நேரில் பார்த்தவர் என்று என்னை நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டிருந்தான். மேடைக்குப் பின்னால் அவனிடம் சொன்னேன்: அவர் எந்தக் காலனி, கடைக்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்பதைச் சொல்லப்போகிறேன்.

அவன் முகம் மாறிவிட்டது. கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினான்.

"கண்டக்டரண்ணே, உங்களுக்குச் சொல்றது சுலபம். சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்குக் கடைக்கு ஆள் வரலன்னா உங்களுக்கு இன்னா ஆவப் போவுது? ஒரு கல்யாண ஆர்டருக்கு அந்தப் பேர ஒளிச்சாருன்னு எங்கப்பாவ ஒரு வருசம் கடைக்குள்ள வுடல அத்தை. அந்த வருசம் நாங்க கஞ்சி குடிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. அந்தப் பெயரின் சுமையை நான் ஒருநாளும் சுமந்ததில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் அவன்.

"சரிப்பா. உங்க கதைய நான் சொல்லல" என்றேன். "என் கதைய சொல்லலாமில்ல?"

மேடையில் ஏறினேன். அந்தம்மாவின் ஊரைச் சொல்லவில்லை. என் ஊரைச் சொன்னேன். என் தெருவைச் சொன்னேன். எங்கள் சாதியைச் சொன்னேன். மரத்தை வெட்டிப் போட்டவர்களோடு நானும் நின்றேன் என்று சொன்னேன். எங்களுக்கு ரொட்டி கொண்டுவந்தவர் பாட்டி இல்லை, மந்திரம் எதுவும் போடவில்லை, மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்றேன். அவர் கையிலிருந்து வாங்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், அதனால் பசியோடு இருந்தும் பசிக்கவில்லை என்று பொய் சொன்னேன், அப்படிப்பட்ட என்னைப் போலீஸில் காட்டிக்கொடுக்கவும் முடியாது என்றார் என்று சொன்னேன்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் வாங்கக் கூடாது என்று ஒரு பெண் குழந்தை பக்கத்தில் இருந்த அம்மாவைச் சத்தமாகக் கேட்டது. அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

தம்பி மகன் மேடைக்கு வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். அணைக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"எங்க அத்தை கெழக்குக் காலனி" என்றான். "நானும் கெழக்குக் காலனிதான். இந்தக் கடைக்கு மொத மொத வச்ச பேரும் அதான்."

மூன்றாவது வரிசையில் ஒரு குடும்பம் எழுந்தது. அப்பா மகன் கையிலிருந்த பன்னை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவர்கள் பின்னால் இன்னும் இரண்டு பேர். மண்டபமே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. தம்பி மகனும் பார்த்தான்.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் இன்னொரு முறை சொன்னான், முன்னைவிடச் சத்தமாக.